கட்டம் போட்ட சட்டை

முதலாளிக்கு ஐந்து மாதம் நிரம்பி ஆறு நாள் ஆகியிருந்தது. யோசித்து யோசித்து வைத்த அழகான பெயர் ஒன்று சான்றிதழில் இருக்கத்தான் செய்தது. ஆனால் வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிறந்த மூன்றாம் நாளே இரண்டு பெரியவர்களை நிற்கவைத்து வேலை வாங்கிய தோரணையைப் பார்த்து அப்பன்காரன் சூட்டிய பட்டம் அது. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, வாயைத் திறந்தால் அடுத்த நிமிஷம் வேலை நடந்தாக வேண்டும். பெண் குழந்தை என்பதால் சந்தோஷமான நேரங்களில் முதலாளியம்மா என்றும் சொல்வார்கள். சந்தோஷமான நேரங்கள் குறைவு.

அந்த முதலாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, தோளில் ஒரு பையும் கையில் ஒரு பையுமாக, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அம்மாக்காரி குழந்தைகள் காப்பகத்தின் படியேறினாள். ஐந்து மாதமாகச் சேர்ந்தாற்போல மூன்று மணி நேரம் தூங்கியதில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம், தலையில் ரப்பர் பேண்டு, காலில் ஜோடி சேராத காலுறை. அடுத்த திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். லீவை இரண்டு தடவை நீட்டியாகிவிட்டது. "மூணாவது தடவை கேக்காதம்மா, எனக்கும் மேல ஆள் இருக்காங்க" என்று சூப்பர்வைசர் போனில் சொல்லிவிட்டார். அவள் இடத்தில் உட்கார்த்தி வைத்திருக்கிற தற்காலிகப் பெண் கெட்டிக்காரி என்ற தகவலையும், யாரும் கேட்காமலே, கூடச் சேர்த்துச் சொன்னார்.

அவளுடைய வேலை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து இறங்கி வருகிற கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, எண்ணி, தட்டில் அடுக்கி, துணியில் மடித்துக் கட்டி, ஆட்டோகிளேவ் என்கிற பெரிய ஆவிப்பெட்டியில் வைத்துக் கிருமி நீக்கி மேலே அனுப்புகிற பிரிவு அது. ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு டேப் ஒட்டித் தேதி எழுதி, கட்டியவர் கையெழுத்துப் போட வேண்டும். ஆவியில் வெந்ததும் டேப்பில் கறுப்புக் கோடுகள் எழும்பும். கோடு எழும்பாத கட்டை யாரும் தொடமாட்டார்கள். ஒன்பது வருஷத்தில் அவள் கையெழுத்துப் போட்ட ஒரு கட்டுகூட மேலேயிருந்து திரும்பி வந்ததில்லை. வாழ்க்கையில் அவள் அடித்துச் சொல்லக்கூடிய பெருமை அது ஒன்றுதான்.

காப்பகத்தில் பச்சைக் குழந்தைகள் அறைக்குப் பொறுப்பாக இருந்தவளை எல்லோரும் பெரியக்கா என்றார்கள். நல்ல ஆகிருதி. ஒரு கையில் ஒரு குழந்தை, தோளில் ஒரு குழந்தை, காலால் ஆட்டிவிடுகிற தொட்டிலில் இன்னொன்று என்று ஒரே நேரத்தில் மூன்றைச் சமாளிப்பாள். மூக்கு மட்டும் எப்போதும் அடைத்திருக்கும்.

"பிள்ளைங்க ஒண்ணு மாத்தி ஒண்ணு சளியக் கொண்டு வந்து எனக்குக் கொடுத்துட்டுப் போகுதுங்க. எனக்கு மூச்சே வாய் வழியாத்தான். நீ உக்காரும்மா" என்றாள் முதல் நாளே.

காப்பகத்தின் முறை எளிமையானது. திங்கட்கிழமை அரை மணி நேரம், அம்மாவும் கூட இருக்கலாம். செவ்வாய் ஒரு மணி நேரம், அம்மா வெளியே. புதன் இரண்டு மணி நேரம். வியாழன் மதியம் வரை. வெள்ளி மூன்று மணி வரை. அதற்குள் குழந்தை பெரியக்கா கையால் ஒரு வேளைப் பாலாவது குடித்து, ஒரு தூக்கமாவது தூங்கிவிட வேண்டும். இல்லையென்றால் அந்தத் தொட்டில் வரிசையில் காத்திருக்கும் அடுத்த குழந்தைக்குப் போய்விடும். வரிசையில் பதினொரு பேர்.

"பட்டினி கிடக்கிற பிள்ளைய நாள் முழுக்க வச்சுக்க எனக்கு மனசு வராதும்மா. கோவிச்சுக்காத" என்றாள் பெரியக்கா. கோபித்துக்கொள்ள அவளுக்கும் தெம்பில்லை.

திங்கட்கிழமை முதலாளி எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். செவ்வாய்க்கிழமை நாற்பது நிமிஷம் சிரித்தாள், இருபது நிமிஷம் அழுதாள். பரவாயில்லை என்றாள் பெரியக்கா. பாட்டில்களை எடுத்து மேஜையில் வைக்கும்போதுதான் அவளுக்கு வேடிக்கை தாங்கவில்லை. ஒவ்வொரு பாட்டிலும் கொதிக்க வைத்து, உலர்த்தி, தனித்தனிக் கவரில் போட்டு, டேப் ஒட்டி, தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போடப்பட்டிருந்தது.

"ஏம்மா, இதப் பிரிக்கறதுக்கு டாக்டரக் கூப்பிடணுமா, இல்ல நானே பிரிக்கலாமா?"

"பழக்கம்க்கா. கை தானா பண்ணிடுது."

"பண்ணு பண்ணு. இங்க எதிர்த்தாப்புல பாரு, அந்தப் பையன் செருப்ப நக்கிக்கிட்டு இருக்கான்." அவனிடமிருந்து செருப்பைப் பிடுங்கிக்கொண்டே பெரியக்கா தொடர்ந்தாள். "நாளைக்கு வரும்போது நீ வீட்டுல போட்டுக்கற துணி ஏதாவது ஒண்ணு எடுத்துக்கிட்டு வா. பால் கொடுக்கறப்ப பாப்பா பக்கத்துல வச்சுக்கணும்."

"எதுக்குக்கா?" என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெரியக்காவும் விளக்கவில்லை. இருபது வருஷமாகச் சொல்லிவருகிற விஷயத்தை யாராவது விளக்கிக்கொண்டிருப்பார்களா?

வீட்டில் அவள் போட்டுக்கொள்வது புருஷனுடைய பழைய கட்டம் போட்ட சட்டை. பனியனுக்கு மேல் தொளதொளவென்று தொங்கும், பொத்தானைத் திறந்தால் பால் கொடுக்க வசதி. பிரசவத்துக்குப் பிறகு கிட்டத்தட்ட அதுவே அவளுக்குத் தோல். அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது அவளுக்கே கூச்சமாக இருந்தது. தோளில் குழந்தை கக்கிய பால் காய்ந்து வரைபடமாகியிருந்தது. கைமடிப்பில் எச்சில், காலரில் வியர்வை. இதையா நாலு பேர் முன்னால் நீட்டுவது? அதுவும் குழந்தையின் வாய்க்குப் பக்கத்தில்?

வெந்நீரில் ஊறப்போட்டாள். கிருமிநாசினி ஒரு மூடி ஊற்றினாள். இரண்டு தரம் அலசினாள். காய்ந்ததும் உள்ளேயும் வெளியேயும் இஸ்திரி போட்டு, வேலையிடத்தில் மடிக்கிற மாதிரியே நாலு மூலையும் உள்ளே போக மடித்து, கவரில் போட்டு, டேப் ஒட்டித் தேதி எழுதினாள். அத்தனை களைப்பிலும் கையெழுத்துப் போட மறக்கவில்லை.

புதன்கிழமை முதலாளி பாட்டிலை வாயில் வாங்கவே இல்லை. காம்பு உதட்டில் பட்டதும் தலையை அந்தப் பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கம் கொண்டுபோனால் இந்தப் பக்கம். சட்டையை விரித்துத் தோளில் போட்டுக்கொண்டு பெரியக்கா நடந்து பார்த்தாள், உட்கார்ந்து பார்த்தாள், பாட்டுப் பாடிப் பார்த்தாள். அழுகை ஏறிக்கொண்டே போனது. கதவுக்கு வெளியே பெஞ்சில் அம்மாக்காரி உட்கார்ந்திருந்தாள். அழுகை கேட்கக் கேட்கப் பால் சுரந்து அவளுடைய மேல்சட்டை நனைந்தது. உள்ளே பாலுக்கு அழுகிற குழந்தை, வெளியே பால் கட்டி வலிக்கிற அம்மா, நடுவில் ஒரு மரக் கதவு. போய்த் தூக்கிவிடக் கூடாது என்பது ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைச் செய்தவர் யாரோ, அவர் பிள்ளை பெற்றவராக இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் சட்டையை மறுபடியும் துவைத்தாள். பிள்ளைகள் தவழும் தரையில் கிடந்து வந்த துணி, பெரியக்காவின் சளி வேறு. இந்தத் தடவை கிருமிநாசினி இரண்டு மூடி.

வியாழக்கிழமையும் அதே கதைதான். மூன்று மணி நேரத்தில் ஒரு வாய்கூட இறங்கவில்லை. அழுது அழுது குரல் கம்மி, பதினைந்து நிமிஷம் கண்ணயர்ந்து, விழித்து, மறுபடியும் ஆரம்பித்தாள். "இன்னும் ஒரு நாள் இருக்குல்ல, பாப்போம்" என்றாள் பெரியக்கா. ஆனால் குரலில் பழைய கலகலப்பு இல்லை. மேஜையில் காத்திருப்போர் பட்டியல் வைத்த ஃபைல் இருந்ததை அம்மாக்காரி பார்த்துவிட்டாள்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். மாடிக்கும் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்கள் அவனைக் கூப்பிடாத நாளே கிடையாது. அன்று ஆறு மணிக்கு, கிரீஸ் கையோடு வந்து வாசலில் நின்றபடியே கேட்டான்.

"குடிச்சாளா?"

"இல்ல."

"நான் ஒரு தடவ கொடுத்துப் பாக்கட்டுமா?"

"முந்தாநேத்து கொடுத்தீங்கல்ல. உங்க மூஞ்சியிலதான் துப்பினா."

"சரி, அதுக்கு ஏன் என் மேல எரிஞ்சு விழற?"

"வேற யார் மேல விழறது? இருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகை வந்தது. சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கும் குடிக்கலன்னா தொட்டில் போயிடும். தொட்டில் போனா வேலை போயிடும். ஒன்பது வருஷம். ஒரு கட்டு திரும்பி வந்ததில்ல தெரியுமா?"

"தெரியும்" என்றான். கையைக் கழுவிக்கொண்டு வந்து பாத்திரங்களைத் தேய்த்தான். அது அவனுக்குத் தெரிந்த ஆறுதல்.

சட்டையைத் துவைக்க வேண்டும் என்று நினைத்தபடியே அதை எடுத்துப் போட்டுக்கொண்டாள். குழந்தை பகலில் குடிக்காத பாலையெல்லாம் இருட்டிய பிறகு வட்டியோடு வசூலித்தது. ஒரு மணிக்கு ஒரு தரம் எழுந்து, குடித்து, பாதியைக் காலரிலேயே கக்கி, சட்டையின் விளிம்பைக் கையில் பிடித்துக்கொண்டு தூங்கியது. விடிந்ததும் துவைத்துக்கொள்ளலாம் என்று அவள் கண்ணை மூடினாள். கண்ணைத் திறந்தபோது மணி எட்டு நாற்பது. புருஷன் ஏழு மணிக்கே போய்விட்டிருந்தான். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பல் தேய்த்தாளா இல்லையா என்பது பஸ்ஸில் ஏறின பிறகுதான் சந்தேகமாக வந்தது.

காப்பகத்து வாசலில் பெரியக்கா கையை நீட்டினாள். குழந்தையைக் கொடுத்தாள், பையைக் கொடுத்தாள்.

"சட்டை எங்க?"

அவள் குனிந்து தன்னைப் பார்த்தாள். கட்டம் போட்ட சட்டை உடம்பிலேயே இருந்தது. பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது. தோளில் நேற்றைய பால், காலரில் இன்றைய பால்.

"ஐயோ" என்றாள். "மன்னிச்சுக்கங்கக்கா. போட்டுக்கிட்டே வந்துட்டேன். இன்னிக்கு துவைக்கவே இல்ல."

"துவைக்கலயா?" பெரியக்கா குழந்தையை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். "இரு இரு. அப்ப இத்தன நாளும் துவைச்சா கொண்டு வந்த?"

"பின்ன? வெந்நீர்ல ஊறவச்சு, மருந்து ஊத்தி, நல்லா அலசி..."

பெரியக்கா பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அது மூன்று வயசுப் பிள்ளைகளுக்கான நாற்காலி. அவள் உட்கார்ந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் போனது. அவள் சிரித்த சிரிப்பில் உடம்பெல்லாம் குலுங்கியது, சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பானது. முதலாளி அந்தக் குலுக்கலில் அழவும் மறந்து அவளையே பார்த்தாள்.

"அடி பாவி! நான் எதுக்குச் சட்டை கேட்டேன்? பிள்ளைக்குப் போர்த்தவா? உன் வாசனைக்குத்தாம்மா கேட்டேன்! அம்மா பக்கத்துல இருக்கான்னு அது நினைச்சுக்கிட்டுக் குடிக்கணும்னு கேட்டேன். நீ என்னடான்னா ஆபரேஷனுக்குக் கொடுக்கற மாதிரி கொண்டு வந்திருக்க. கவரப் பாத்து, பாட்டில் மாதிரி இதுவும் உன் பழக்கம்னுதான் நினைச்சேன். நானும் ஒரு மூக்கில்லாதவ, மோந்து பாக்கத் தெரியாம ரெண்டு நாளா அந்தத் துணியத் தோள்ல போட்டுக்கிட்டு ஆடிக்கிட்டு இருந்திருக்கேன்."

அவளுக்கு முகம் சூடேறியது. ரெண்டு நாளாகக் குழந்தை அம்மாவைத் தேடியிருக்கிறது. அம்மாக்காரி வீட்டில் உட்கார்ந்து, வெந்நீரும் மருந்தும் போட்டு, சட்டையிலிருந்து தன்னையே கழுவி ஊற்றியிருக்கிறாள். போதாக்குறைக்குத் தேதி எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள்.

"கழட்டு" என்றாள் பெரியக்கா.

"நாறுதுக்கா."

"அதான் வேணும். கழட்டு."

கழற்றிக் கொடுத்துவிட்டு, பனியனோடு, பையை மார்பில் அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவுக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார மனசு வரவில்லை. தெருமுனையில் மருந்துக்கடைக்கு எதிரே இருந்த பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்தாள். காற்று சில்லென்று அடித்தது. மூன்று பஸ்கள் வந்து, அவளுக்காக நின்று, அவள் ஏறாததைப் பார்த்து எரிச்சலோடு போயின. நாலாவது பஸ்ஸின் டிரைவர் ஜன்னல் வழியே ஏதோ கேட்கப் பார்த்து, முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டார்.

பதினொன்றே காலுக்குப் போன் வந்தது.

"குடிச்சிட்டா" என்றாள் பெரியக்கா, ரகசியக் குரலில். "முழு பாட்டில். உன் சட்டைக் காலரப் பிடிச்சுக்கிட்டு, மூக்க அதுல வச்சுத் தேச்சுத் தேச்சு, ஒரு சொட்டு விடாம. இப்பத் தூங்கறா. தொட்டில் உன்னோடதுதான். போய்ச் சாப்பிடு."

"சரிக்கா" என்றாள். போனை வைத்த பிறகு வாய்விட்டு அழுதாள். சந்தோஷம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சந்தோஷத்துக்குள் சின்னதாக ஒரு முள்ளும் இருந்தது. ஐந்து மாதமாக நாய் படாத பாடு பட்டது அவள். அந்த இடத்தை நிரப்ப ஒரு அழுக்குச் சட்டை போதுமாயிருந்திருக்கிறது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். சொந்தத் துணியை அலமாரியில் வைத்துப் பூட்டி, பச்சை உடுப்பு மாட்டி, தொப்பிக்குள் முடியைத் திணித்து, முழங்கை வரை தேய்த்துக் கழுவிக்கொண்டு தட்டின் முன்னால் நின்றதும் கை தானாக எண்ண ஆரம்பித்தது. இடுக்கி பன்னிரண்டு, கத்தரி நாலு. கை எதையும் மறக்கவில்லை. தற்காலிகப் பெண் நிஜமாகவே கெட்டிக்காரிதான், ஆனால் மூலை மடிப்பு சரியில்லை. அதில் அவளுக்கு அற்ப சந்தோஷம் ஒன்று கிடைத்தது. பன்னிரண்டு மணிக்கு ஸ்டோர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, அட்டைப்பெட்டிகளைப் பார்த்தபடி பம்ப் வைத்துப் பால் எடுத்தாள். நாலு மணிக்கு வேலை முடிந்ததும், அங்கே எல்லோரும் செய்வதைப் போல, கிருமி நீக்குகிற சிவப்பு சோப்பைப் போட்டுத் தலையிலிருந்து கால் வரை குளித்துவிட்டுக் கிளம்பினாள். அங்கிருந்து ஒன்றும் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது ஒன்பது வருஷப் பழக்கம்.

பஸ் ஸ்டாப்பிலிருந்து கிட்டத்தட்ட ஓடினாள். முதலாளி பெரியக்காவின் மடியில் இருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் வாயெல்லாம் ஈறாகச் சிரித்து இரண்டு கையையும் நீட்டினாள். நாளெல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவள் நின்றிருந்தாள். வாரி எடுத்து மார்போடு அணைத்து, கழுத்தில் முகம் புதைத்தாள்.

குழந்தை மூக்கை அவள் தோளில் வைத்தது. ஒரு கணம் அசையாமல் இருந்தது. பிறகு தலையைப் பின்னால் இழுத்து அவள் முகத்தைப் பார்த்தது, உதட்டைப் பிதுக்கியது, வீறிட்டது. முதுகை வில்லாக வளைத்துத் திமிறி, பெரியக்காவைப் பார்த்துக் கையை நீட்டியது. பெரியக்காவைக்கூட இல்லை, அவள் தோளில் கிடந்த கட்டம் போட்ட சட்டையைப் பார்த்து.

அவளுக்கு உயிரே போய்விட்டது. "நான்தான்டி" என்றாள். "அம்மாடி. நான்தான்." அழுகை நிற்கவில்லை.

பெரியக்கா எழுந்து பக்கத்தில் வந்தாள். அவள் தலைமுடியருகே மூக்கைக் கொண்டுவந்து முகர்ந்தாள்.

"இன்னிக்குக் கொஞ்சம் மூக்கு திறந்திருக்கு. உன் மேல அம்மா வாசனையே இல்லம்மா, முழுக்க ஆஸ்பத்திரி. அது என்ன பண்ணும் பாவம்?" சட்டையைத் தோளிலிருந்து எடுத்து நீட்டினாள். "போட்டுக்க."

வாங்கிப் பார்த்தாள். போன புதன்கிழமைக்குப் பிறகு துவைக்காத சட்டை. காலர் எச்சிலில் ஊறிச் சொதசொதவென்றிருந்தது. முன்பக்கம் புளித்த பால், முதுகில் யாரோ ஒரு பிள்ளையின் கலர் பென்சில் கோடு. வேலையிடத்தில் இப்படி ஒரு துணி வந்தால் கையுறை இல்லாமல் தொடமாட்டாள். ஒரு கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறுகையை நுழைத்தாள், பிறகு கையை மாற்றி இந்தக் கையை நுழைத்தாள். ஈரக் காலர் கழுத்தில் சில்லென்று ஒட்டியது.

முதலாளி விக்கலோடு நிறுத்தினாள். காலரைப் பிடித்தாள். மூக்கை அதில் வைத்துத் தேய்த்தாள், முகர்ந்தாள், மறுபடி தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள். அப்புறம், எங்கே போயிருந்தாய் என்று கேட்காமல், தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பெருமூச்சு ஒன்று விட்டாள்.

"துவைச்சுடாத" என்றாள் பெரியக்கா.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைச் சுளித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். குழந்தை தூங்கிவிட்டிருந்தது. அதன் பிடியில் காலர் இன்னும் இருந்ததால் அவளால் தலையைத் திருப்பக்கூட முடியவில்லை. புருஷன் போன் செய்தான். பின்னால் எங்கேயோ லிஃப்ட் மணி அடிப்பது கேட்டது.

"என்ன, மொத நாள் எப்படி? திரும்பச் சேத்துக்கிட்டாங்களா?"

"ம்" என்றாள், குழந்தை எழுந்துவிடாதபடி மெதுவாக. "மொதல்ல மாட்டேன்னுதான் சொன்னாங்க. சட்டையப் பாத்துட்டுச் சேத்துக்கிட்டாங்க."

"சட்டையப் பாத்தா? ஆஸ்பத்திரியிலயா?"

"ஆஸ்பத்திரி கிடக்கு" என்றாள். "நான் முதலாளியச் சொல்றேன்."